மஞ்சள் நிற்கிற உயரம்

பாய்லரின் முகத்தில் அந்த இரண்டு சிவப்புத் திட்டுகளும் மறுபடி வந்திருந்தன.

முனியன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினான். மேல்தோல் மட்டும் சிவந்திருந்தால் அடியில் மஞ்சள் தெரிய வேண்டும். இரும்பு தெரிகிற வரைக்கும் சிவப்பாகவே வந்தது. யாரும் மேலே சிவப்பு தடவவில்லை. அவன் பூசிய மஞ்சளேதான் அந்த இரண்டு இடத்திலும் சிவப்பாக மாறியிருந்தது.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில், ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் வேதாசலத்தின் ரைஸ்மில். புழுங்கல் நெல்லுக்கு ஆவி கொடுக்கிற பாய்லர் கொட்டகையின் நடுவில் படுத்திருந்தது. பெரிய இரும்பு உருளை. அதன் உடம்பில் பாதிக்கு மேல் செங்கல் கட்டுக்குள் புதைந்திருக்க, வட்டமான முன்தகடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் எல்லோரும் முகம் என்றார்கள். அடியில் உமி எரிகிற அடுப்பு. அடுப்பின் நெருப்பு உருளையின் இரண்டு விலாவையும் நக்கிக்கொண்டு பின்னால் போய்ப் புகைபோக்கியில் ஏறும். விலாவில் எந்த உயரம் வரைக்கும் நெருப்பு படலாம் என்று செங்கல்லிலேயே ஒரு விளிம்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் எப்போதும் அந்த விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மில்லுப் பெண்கள் அந்த முகத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். நெல் அவிக்கிற அண்டாக்கள் அதற்கு நேர் எதிரில். நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவர்கள், எதிரில் இருப்பதைக் கும்பிட்டுவிட்டு வேலை தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கிழங்கு மஞ்சள் சூட்டில் நிற்காது. மதியத்துக்குள் கருகிப் புகைபிடித்த அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஆகிவிடும். அது வேதாசலத்துக்குப் பொறுக்கவில்லை. எப்போதும் மஞ்சளாகவே இருக்கிற மாதிரி ஒன்று பூசு என்று பெயிண்டர் முனியனைக் கூப்பிட்டார்.

முனியனுக்கு இந்த மாதிரி வேலை என்றால் பசி தெரியாது. எண்ணெயில் குழைத்த பெயிண்ட் பாய்லர் சூட்டில் கருத்து உரிந்துவிடும் என்பதால், வாலாஜாபாத்தில் சோப்பு காய்ச்சுகிறவரிடம் சிலிகேட் வாங்கி வந்தான். தேன் மாதிரி இருக்கும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், சூட்டுக்கு அசையாது. அதில் கலக்க மஞ்சள் வேண்டும். மண்ணிலிருந்து தோண்டுகிற மஞ்சள் காவி அவனிடம் இருந்தது. அதில் களியும் மணலும் கலந்திருக்கும், நிறம் சற்று மங்கல். ஃபேக்டரியில் செய்கிற மஞ்சள் ஆக்சைடு மாவு மாதிரி நைஸாக இருக்கும். ஒரு பிடி போட்டால் மண் காவி நாலு பிடி போட்ட அழுத்தம் கிடைக்கும். அதையே போட்டான். மண்ணில் கிடைத்தாலும் ஃபேக்டரியில் செய்தாலும் இரண்டும் ஒரே சரக்குதான், இரும்புத் துரு. வெயில், மழை, சுண்ணாம்பு எதற்கும் வெளுக்காது. ஏற்கெனவே துருவாகிப் போனதை இனி எது கெடுக்கும் என்பான்.

பூசிய முகம் கோயில் வாசல் மாதிரி பளிச்சென்று இருந்தது. சில நாள் கழித்து இரண்டு திட்டுகள் வந்தன. இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, ஒரே உயரத்தில்.

பெண்கள் அதைக் கண் என்றார்கள். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று செங்கேணி கற்பூரம் ஏற்றினாள். வேதக்கார மேரி, “உங்க ஆத்தாவுக்குக் கண்ணு வந்துடுச்சுடீ, இனிமே மூட்டை மேல சாஞ்சிக்கினு தூங்கினா மாட்டிக்குவ” என்று கிண்டல் செய்தாள். சிரித்தார்கள். சிரித்தாலும் யாரும் அதற்கு முதுகு காட்டி நிற்கவில்லை.

வேதாசலம் சிரிக்கவில்லை. கலப்பட மஞ்சள் போட்டுவிட்டாய், வெள்ளிக்கிழமை செய்கிற காரியத்தில் அபசகுனம் பண்ணிவிட்டாய் என்றார். மில் லீவு அன்றைக்கு முனியன் இரண்டு திட்டையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக் கொடுத்தான்.

அதுதான் மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை திட்டு பெரிதாக இருந்தது. மேல் ஓரம் அதே உயரம். கீழ் ஓரம் மட்டும் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

அந்தக் கீழ் ஓரத்தைத்தான் முனியனால் விட்டுப் போக முடியவில்லை. திட்டின் மேல்பக்கம் மஞ்சளோடு மங்கிக் கரைந்திருந்தது. நெருப்போ புகையோ பட்டால் அப்படித்தான் இருக்கும். கீழ்ப்பக்கமோ, சுவரில் பட்டை அடிக்கும்போது கயிறு பிடித்துக் கோடு போடுவார்களே, அப்படி நேராக இருந்தது. இடது திட்டின் அடியிலிருந்து வலது திட்டின் அடிக்கு ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தான். நூல் இம்மியும் சாயவில்லை.

மஞ்சள் ஏன் சிவக்கும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். கோயில் சுவருக்குச் சிவப்புப் பட்டை அடிக்கச் செங்காவி போதாமல் போனால், மஞ்சள் காவியைத் தோசைக்கல்லில் போட்டு வறுப்பார்கள். கிளறக் கிளற மஞ்சள் பழுப்பாகி, பிறகு சிவந்துவிடும். மஞ்சள் துருவுக்குள் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் பூட்டிக் கிடக்கிறது. நல்ல சூடு ஏறினால் அது கழன்று ஆவியாகிவிடும். மிச்சம் நிற்பது சிவப்புத் துரு. அதற்குப் பிறகு எத்தனை குடம் தண்ணீரில் கரைத்தாலும் பழைய மஞ்சளுக்குத் திரும்பாது.

ஆனால் அதற்கு வெந்நீர்ச் சூடு போதாது, பாய்லருக்குள் அழுத்தத்தில் கிடக்கிற தண்ணீரின் சூடும் போதாது. அதையும் தாண்டி வறுபட வேண்டும். ஃபேக்டரி மாவு சீக்கிரம் சிவக்கிறதோ என்று சந்தேகம் வந்து, வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வறுத்துப் பார்த்தான். மண் காவி மங்கலாகச் சிவந்தது, ஃபேக்டரி மஞ்சள் பிரகாசமாகச் சிவந்தது, அவ்வளவுதான். சரக்கின் மேல் குற்றமில்லை.

பாய்லர் ஃபயர்மேன் வேதகிரியிடம் போய்ச் சொன்னான். அந்த இரண்டு இடத்தில் தகடு அளவுக்கு மீறிக் காய்கிறது என்றான். வேதகிரி பீடியை எடுக்காமலே கேட்டார்.

“உள்ள இன்னா கீது?”

“தண்ணி.”

“தண்ணி கீற வரைக்கும் தகடு தண்ணியோட சூட்டத் தாண்டாது தம்பி. அடியில உமி எரிஞ்சிக்கினே இருக்கட்டும். தகட்டுல ஏறுற சூட்டை உள்ள கீற தண்ணி உறிஞ்சிக்கினே இருக்கும். புரியுதா?”

புரிந்தது. அது சரியாகவும் இருந்தது. வேதகிரி, பாய்லர் முகத்தின் பக்கவாட்டில் நிறுத்தியிருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினார். மேலே ஒரு குழாய்த்திருகு, கீழே ஒரு குழாய்த்திருகு. இரண்டும் பாய்லருக்குள் போகும். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவு அந்தக் கண்ணாடியிலும் நிற்கும். தண்ணீர் பாதிக் கண்ணாடிக்கு நின்றது. சிவப்புத் திட்டுகளைவிட ஒரு சாண் உயரத்தில்.

“பாத்துக்க. பங்குனியிலிருந்து சொல்றேன், ஒரு நூலு ஏறல, ஒரு நூலு எறங்கல. என் கைக்கணக்கு அப்பிடி. ஒவ்வொரு அவிப்புக்கும் பம்புல அடிக்கிற அடி மாறாது. உன் மஞ்சள்தான் டூப்பு.”

முனியன் திட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டு இருக்கிற இடத்தில் தண்ணீர் இருந்தால் மஞ்சள் சிவக்காது. மஞ்சள் சிவந்திருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இரண்டும் கண்ணெதிரில் இருந்தன.

வேதாசலம் கணக்குப்பிள்ளை மூலமாகச் சொல்லி அனுப்பினார்: ஆடி பிறப்பதற்குள் அந்தக் கண்ணை மூடு. மூடாவிட்டால் உன்னோடு உன் பெண்டாட்டியும் வர வேண்டாம்.

அவன் பெண்டாட்டி ஜெயம்மாள்தான் முதல் அண்டாக்காரி. ஆவித் திருகைத் திறந்து மூடுவதும், வெந்த நெல்லைக் கூடையில் சரித்து வாங்குவதும் அவள் வேலை. கையை நீட்டினால் பாய்லர் முகம் எட்டும்.

அன்று சாயங்காலம் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “யோவ், அத்த மறுபடியும் பூசி மறைக்காதே” என்றாள்.

ஏன் என்று கேட்டான்.

“தெரியல. மொதல்ல என் தலைக்கு மேல பாத்துக்கினு இருந்துச்சு. இப்ப நேரா என் மூஞ்சிய பாக்குது. எறங்கிக்கினே வருதுய்யா. அடியில வேற ஒரு சத்தம். டிக்கு டிக்குன்னு. ஓடு காஞ்சா கேக்குமே, அந்த மாதிரி.”

வேலைக்குப் போகாதே என்றான். அவள் சிரித்தாள். ஏரி வற்றிக் கிடக்கிறது, நடவு கிடையாது, களையெடுப்பு கிடையாது. மில்லை விட்டால் போவதற்கு வேறு இடம் எங்கே என்றாள்.  இரவெல்லாம் அந்த நேர்க்கோடு அவன் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலையில் அவன் திருப்புலிவனத்தில் ஒரு வீட்டுக்குச் சிவப்பு ஆக்சைடு தரை மெழுகப் போனான். சிமெண்ட் வரவில்லை என்று திரும்பிவிட்டான். வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கரண்ட் சீக்கிரம் வந்ததால் மில்லிலிருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஜெயம்மாள் அவசரத்தில் போயிருந்தாள். அடுப்பில் விறகு தணலாகிக் கிடந்தது. அதன் மேல், துணி அலச வெந்நீர் வைத்த டால்டா டின் அப்படியே இருந்தது.

பாய்லருக்குப் பூசிய மிச்ச மஞ்சளை நிறம் பார்ப்பதற்காக அவனே அந்த டின்னின் வெளிப்பக்கம் முழுக்கப் பூசிவைத்திருந்தான். துணியைச் சுற்றி அதை இறக்கினான். இறக்கியவன் அப்படியே குந்திவிட்டான்.

டின்னின் மேல்பாதி சிவப்பு. கீழ்ப்பாதியில் கரியை விரலால் துடைத்தான், மஞ்சள். இரண்டுக்கும் நடுவில் கயிறு பிடித்த மாதிரி கோடு. டின்னைச் சாய்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தான். வற்றிப்போக மிச்சமிருந்த வெந்நீர் சரியாக அந்தக் கோட்டின் உயரத்தில் நின்றது.

தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்திருக்கிறது. தண்ணீர் இறங்கி வெறும் தகடு காய்ந்த இடமெல்லாம் சிவந்திருக்கிறது. தண்ணீரைத் தவிர இவ்வளவு நேரான கோட்டை நெருப்புக்கு மேலே யாரால் போட முடியும்? பாய்லரில் நெருப்பு படுவது விலாவில் மட்டும். அதனால்தான் சிவப்பு நடுவில் வராமல் இரண்டு ஓரத்தில் கண் மாதிரி வந்தது. மேல் ஓரம் செங்கல் விளிம்பு. கீழ் ஓரம் தண்ணீர். அது இரண்டு விரல்கடை இறங்கியது என்றால் உள்ளே தண்ணீர் அவ்வளவு இறங்கியிருக்கிறது.

அப்படியானால் பொய் சொல்வது கண்ணாடி. பங்குனியிலிருந்து ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை. கொதிக்கிற பானையோடு சேர்ந்த தண்ணீர் எப்படி ஆடாமல் நிற்கும்?

டின்னைத் திருப்பினான். பக்கவாட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த மூட்டு, சிவப்பு இருந்த உயரம் முழுக்க ஈயம் உருகி வாய் பிளந்திருந்தது. மஞ்சள் தொடங்குகிற இடத்தோடு பிளவு நின்றிருந்தது.

அவன் டின்னைக் கேரியரில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். ஏரிக்கரையில் எதிர்க்காற்று. புகைபோக்கி தூரத்திலேயே தெரிந்தது. கரும்புகை நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அவிப்பு நடக்கிறது. அவிப்பு நடந்தால் ஜெயம்மாள் அந்த முகத்துக்கு முன்னால் நிற்பாள். அவனுக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் முகத்தைத்தான் பார்த்தான். கண்கள் நேற்றைவிட இன்னும் இறங்கியிருந்தன. ஜெயம்மாள் கூடையோடு குனிந்திருந்தாள். அவள் சொன்ன சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். செங்கல் கட்டுக்குள் யாரோ நகத்தால் சுண்டுவது மாதிரி.

வேதகிரியிடம் டின்னை நீட்டினான். மூச்சு வாங்கினாலும் குரலை ஏற்றவில்லை. ஏற்றினால் அவர் சண்டைக்குத்தான் வருவார், கேட்க மாட்டார் என்று தெரியும். சிவப்பைக் காட்டினான், கோட்டைக் காட்டினான், உள்ளே மிச்சமிருந்த தண்ணீரைக் காட்டினான். வேதகிரி டின்னைப் பார்த்தார், பாய்லர் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார்.

“அந்தக் கண்ணாடி ஆடி நீ எப்பண்ணா பாத்தே?” என்றான் முனியன்.

வேதகிரியின் வாயிலிருந்து பீடி விழுந்தது. மேல் திருகில் ஆவி கசிந்து பெண்கள் கையில் பட்டதால், பங்குனியில் அவர்தான் அதை இறுக்கி மூடினார். வாஷர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார், மறந்தும் போனார். கோடையில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு படிந்து கீழ்த் திருகும் அடைத்திருந்தால், கண்ணாடியில் நிற்பது அன்றைக்குச் சிறைப்பட்ட தண்ணீர். பாய்லருக்கும் அதற்கும் ஒட்டில்லை, உறவில்லை.

கண்ணாடியின் அடியில் தண்ணீர் வடிக்கிற சின்னக் குழாயை அவர் திறந்தார். கண்ணாடித் தண்ணீர் சளக்கென்று கொட்டியது. சரியான பாய்லர் என்றால் உள்ளிருந்து ஆவியும் வெந்நீரும் சீறிக்கொண்டு வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. கண்ணாடி காலியாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது.

முனியன் பாய்ந்து கைப்பம்பின் பிடியைப் பிடித்தான். தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான் அவன் புத்திக்கு எட்டியது. பிடி பாதி இறங்குவதற்குள் வேதகிரி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“அடிக்காதே.” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “காஞ்ச தகட்டுல தண்ணி பட்டா அவ்ளோ தண்ணியும் ஒரே அடியா ஆவியாகும். மூடி பிச்சிக்கினு பூடும். நாமும் பூடுவோம். அடுப்புக்கு மேல தகட்டுல ஒரு ஈய ஆணி இருந்துச்சு. தண்ணி கொறைஞ்சா உருகி, அந்த ஓட்ட வழியா ஆவி கொட்டி அடுப்ப அணைக்கிறதுக்கு. போன வருசம் உருகிப் பேஜார் பண்ணிச்சுன்னு மொதலாளி இரும்பு போல்ட்டு போடச் சொல்லிட்டாரு.”

முனியன் கையிலிருந்த டின்னின் பிளந்த மூட்டைப் பார்த்தான். பம்பின் பிடியை மெல்ல, ஒரு துளி கூட உள்ளே போகாதபடி, விட்டான்.

ஜெயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கையால் சைகை காட்டினான்: கூடையைக் கீழே வை, எல்லோரையும் கூட்டிக்கொண்டு களத்துக்கு அந்தப் பக்கம் போ. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆவித் திருகில் கை வைக்கப் போனாள். வேதகிரி தலையை ஆட்டினார், அது எப்படி இருக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். மேரி செங்கேணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெண்களில் கடைசி ஆளும் வெளியே போகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை.

பிறகு அடுப்பைத் திறந்து நீளக் கொக்கியால் உமித் தணலை வெளியே இழுத்தார்கள். இழுத்ததை மண் போட்டு மூடினார்கள். முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றே இழுத்தார்கள். உள்ளே சுண்டுகிற சத்தம் நிற்கவில்லை. தணல் குறையக் குறைய அது அதிகமானது. தகடு சுருங்குகிறது என்று வேதகிரி முணுமுணுத்தார். வேதாசலம் வாசலில் வந்து நின்று, ஊறின நெல் நாறிப்போகும், யாரைக் கேட்டு அடுப்பை இழுத்தீர்கள் என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை. களத்து ஓரத்திலிருந்து ஜெயம்மாள்தான், “நைனா, இங்க வந்து நில்லுங்க” என்றாள். அவள் சொன்ன விதத்தில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

பொழுது சாய்கிற வரைக்கும் யாரும் கொட்டகைக்குள் போகவில்லை.

மறுநாள் பாய்லர் முழுக்க ஆறிய பிறகு ஆள் இறங்கும் மூடியைக் கழற்றி விளக்கு விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் சிவப்புத் திட்டின் அடிக்கோட்டுக்கு நேராக நின்றது. அதற்கு மேல், செங்கல் விளிம்பு வரைக்கும், இரண்டு விலாவிலும் தகடு நீலம் பாரித்து வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. கீழ்த் திருகுக்குள் உப்பு கல்லாக இறுகியிருந்தது. கம்பியை வைத்துத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. வேதாசலம் புடைப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, தகடு மாற்றச் சொன்னார். போல்ட்டைக் கழற்றி ஈய ஆணி போடவும் சொன்னார். நெல் நாறிப்போனதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஆவணியில் புதுத் தகட்டோடு மறுபடி அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், முனியன் முகம் முழுக்க மஞ்சள் பூசினான். செங்கல் விளிம்புக்கு நேராகக் கயிறு பிடித்துக் கறுப்பு ஆக்சைடில் ஒரு கோடு போட்டான். கறுப்பும் இரும்புதான். பிறகு அண்டாக்காரிகளையும் வேதகிரியையும் முன்னால் நிறுத்தி, அவர்கள் திருப்பிச் சொல்கிற வரைக்கும் சொன்னான்: தினமும் அடுப்பு மூட்டி ஆவி ஏறினதும், நெல்லுக்கு ஆவி விடுவதற்கு முன்னால் கண்ணாடியின் அடிக்குழாயைத் திற, தண்ணீர் கொட்டி, மூடினதும் மறுபடி ஏறி ஆடினால் கண்ணாடி நிஜம். கோட்டுக்குக் கீழே ஓரங்களில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அங்கே சிவந்தால், கண்ணாடி என்ன சொன்னாலும் தண்ணீர் இல்லை. ஆட்களை வெளியே அனுப்பு, அடுப்பை இழு, ஆறுகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதே. சிவந்தது தானாக மஞ்சளாகாது, அதனால் யாரும் பார்க்காத நேரத்தில் நடந்திருந்தாலும் தெரியும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்த பிறகுதான் அதன் மேல் புது மஞ்சள் பூச வேண்டும்.